40 பேர்ச் மரக்கறித் தோட்டம், 20 வீட்டுக்கு வாரப் பெட்டி: சரிவருமா?

பனிக்காடு (கந்தப்பளை)

எல்லாருக்கும் வணக்கம். நீண்ட நாளாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருக்கிற லய வீட்டுக்குப் பின்னால் அப்பா முப்பது வருடமாகச் செய்கிற மரக்கறித் துண்டு ஒன்று இருக்கிறது, அளந்து பார்த்தால் 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர் வரும். கரட், லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்), எப்போதாவது கொஞ்சம் உருளைக்கிழங்கு. போன மாதம் லீக்ஸ் 11 மூடை லொறிக்குக் கொடுத்தோம். ஏற்றுகூலி, மூடைக் கழிவு, கொமிஷன் எல்லாம் போக வந்த காசு உரக்கடைக் கடனுக்கே போதவில்லை, மிச்சத்தை அம்மா கொழுந்துச் சம்பளத்திலிருந்து கட்டினார். அதே வாரம் கண்டியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கடையில் அதே லீக்ஸ், நுனி வாடிப்போய், எங்களுக்குக் கிடைத்த விலையைப் போல ஐந்து மடங்கு. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சித்தியின் பக்கத்து வீட்டுக்காரர்களே கேட்கிறார்கள், நீ நேராகக் கொண்டுவந்து தந்தால் வாரா வாரம் எடுப்போம் என்று. 20 வீடு சேரும் போலிருக்கிறது. மாதக் காசை முன்னமே வாங்கிக்கொண்டு, வாரம் ஒரு பெட்டி, அந்த வாரம் தோட்டத்தில் என்ன இருக்கிறதோ அது. இப்படிச் செய்கிறவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? 40 பேர்ச் போதுமா? எங்கிருந்து தொடங்குவது?

வெலிமட வயல்

தங்கச்சி, நான் ஐந்தாவது வருடமாகச் செய்கிறேன், இப்போது 26 வீடு. பெட்டி, பஸ், காசு எல்லாம் பிறகு பேசுவோம். முதலில் விதைப்பு. இதைத் தொடங்கிக் கைவிட்டவர்களில் எனக்குத் தெரிந்த பெரும்பாலானவர்கள் சறுக்கியது அங்கேதான்.

லொறிக்குச் செய்கிற விவசாயம் வேறு, பெட்டிக்குச் செய்கிற விவசாயம் வேறு. லொறிக்கு 40 பேர்ச்சிலும் ஒரே கிழமையில் நட்டு ஒரே நாளில் பிடுங்கிவிடலாம். பெட்டிக்கு வாரா வாரம் ஆறு ஏழு வகை விளைந்து நிற்க வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு கணக்குச் சொல்கிறேன், கரட்டை மட்டும் பாருங்கள். ஒரு பேர்ச் என்பது 25 சதுர மீட்டர். நல்ல மண்ணில் பேர்ச்சுக்கு 50 கிலோ வரை எடுக்கலாம், நீங்கள் 40 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 20 வீட்டுக்கு வீட்டுக்கு ஒரு கிலோ என்றால் 20 கிலோ, அதாவது அரைப் பேர்ச். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரட் கொடுத்தால் போதும் என்றால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைப் பேர்ச் விதைக்க வேண்டும். உங்கள் குளிரில் கரட் பிடுங்க நாலு மாதம் ஆகும். ஆக எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் எட்டு ஒன்பது பாத்தி கரட் நிற்கும், ஒன்று இப்போதுதான் முளைவிட்டிருக்கும், ஒன்று பிடுங்கத் தயாராக இருக்கும். அப்படிப் பார்த்தால் கரட்டுக்கு மட்டும் நாலரைப் பேர்ச். முள்ளங்கி 45 நாளில் வந்துவிடும், சலாது இலைக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான், நோக்கோல் (நூல்கோல்) இரண்டு மாதம், பீட்ரூட், கோவா மூன்று மாதத்துக்கு மேல், லீக்ஸ் ஐந்து மாதம் வரை நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். நடைபாதை, நாற்று மேடை, எருக் குவியல் என்று எட்டுப் பேர்ச்சாவது போய்விடும். மிச்சம் 32. 20 வீட்டுக்குப் போதும், ஆனால் 21வது வீட்டுக்குப் போதாது என்று நினைத்துக்கொண்டு செய்யுங்கள்.

நான் பழைய நாட்காட்டிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன், தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும் அல்லவா, அதில்தான் திட்டம். பெட்டி போகும் வியாழக்கிழமைகளை முதலில் எழுதி, ஒவ்வொரு வியாழனுக்கும் என்ன வேண்டும் என்று எழுதி, அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே வந்தால் விதைக்க வேண்டிய நாள் கிடைக்கும். ஜூலை கடைசியில் கரட் வேண்டுமா, ஏப்ரல் தொடக்கத்திலேயே விதை மண்ணுக்குள் இருக்க வேண்டும். ஏப்ரலில் வேலை அதிகம், சீசனுக்கு நுவரெலியா நிறைய ஆட்கள் வருவார்கள், விலை நன்றாக இருக்கும், விதைப்பை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அந்த அடுத்த வாரம்தான் ஜூலையில் வெறும் பெட்டியாக வந்து நிற்கும்.

கட்டுகஸ்தோட்டை அம்மா

நான் கண்டிப் பக்கத்தில் பெட்டி வாங்குகிற ஆள், மூன்றாவது வருடம். விவசாயம் தெரியாது, ஆனால் பெட்டியைத் திறக்கிற பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதல் வாரம் கரட் மண்ணோடு வந்தது. எனக்குக் கோபம், காசு கொடுத்துச் சேற்றையா வாங்கினேன் என்று. கடையில் பளபளவென்று கழுவின கரட்டைப் பார்த்துப் பழகிய கண். பெட்டியில் ஒரு துண்டுத் தாளில் எழுதியிருந்தார்கள், கழுவினால் இரண்டு மூன்று நாளில் வழுக்கத் தொடங்கும், மண்ணோடு பேப்பரில் சுற்றி வையுங்கள், சமைக்கும்போது மட்டும் கழுவுங்கள் என்று. அப்படியே செய்தேன், பத்து நாள் கழித்து ஒடித்துப் பார்த்தால் டப்பென்று சத்தம் வந்தது. அந்தத் துண்டுத் தாளை நான் இன்னும் எதிர்பார்க்கிறேன், தங்கச்சி. இந்த வாரம் மழை, சலாது சின்னதாக இருக்கிறது, அடுத்த வாரம் போஞ்சி (பீன்ஸ்) தொடங்கும், இவ்வளவு எழுதினால் போதும். சொல்லாமல் பெட்டி சிறுத்தால்தான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இன்னொன்று. போன வருடம் தொடர்ந்து ஐந்து வாரம் நோக்கோல் வந்தது. எங்கள் வீட்டில் மூன்று பேர், இரண்டு பேர் நோக்கோல் தொடமாட்டார்கள். இருப்பதைத்தான் தருவோம் என்பது சரி, நான் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும்.

வெலிமட வயல்

அம்மா சொல்வதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் பட்டியல் எடுக்கப் போனால் நீங்கள் கடை நடத்துகிறீர்கள், தோட்டம் நடத்தவில்லை. முதல் வருடம் அப்படித்தான் செய்தேன், புதன் இரவு பன்னிரண்டு மணிவரை வாட்ஸ்அப்பில் யாருக்குக் கோவா வேண்டாம், யாருக்கு இரண்டு லீக்ஸ் என்று எழுதிக்கொண்டே இருந்தேன். இப்போது பெட்டி இறங்கும் வீட்டில் ஒரு மாற்றுக் கூடை வைத்திருக்கிறோம். வேண்டாததை அதில் போட்டு, அதில் இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் வைத்துவிட்டுப் போன நோக்கோலை இன்னொருவர் ஆசையாக எடுத்துப் போகிறார். ஐந்து வாரம் தொடர்ந்து ஒரே காய் வந்தது விவசாயியின் பிழைதான், விதைப்பை இடைவெளி விட்டுச் செய்யாததால் வந்தது, அதற்குக் காரணம் சொல்ல முடியாது.

லீக்ஸ் பாத்தி (ராகலை)

நான் செய்து நிறுத்தியவன். ஏன் நின்றது என்று எழுதுகிறேன், உங்களுக்கு உதவினால் சரி.

2023இல் தொடங்கினேன், 14 வீடு, எல்லாம் நுவரெலியா டவுனிலேயே, அரச ஊழியர்கள், ஆசிரியர்கள். பெட்டி 1,800 ரூபா. ஒன்பது மாதம் நன்றாகத்தான் போனது. 2024 ஜனவரியில் கரட் விலை ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் நினைவிருக்கும், கடையில் கிலோ 2,000 ரூபாவைத் தாண்டியது. என்னிடம் அப்போது நல்ல கரட் இருந்தது, அந்தப் பக்கத்தில் பலருக்கு மழையில் போய்விட்டிருந்தது. லொறிக்காரர் பாத்திக்கே வந்து நின்று விலை சொன்னார். எனக்கு வீட்டில் கடன் இருந்தது. ஒரு பாத்தியை விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். பெட்டியில் மூன்று வாரம் முள்ளங்கியும் கோவாவும்தான் போட்டேன், கரட் பிழைத்துவிட்டது என்று எழுதினேன்.

டவுன் சின்னது. நான் லொறிக்கு ஏற்றியதை ஒரு ஆசிரியை பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் காசு போடவில்லை, அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொருவராக. ஜூன் மாதம் கரட் விலை விழுந்து உரக் காசு கூட வராத நேரத்தில், எனக்கு அந்த 14 வீடும் இல்லை. விலை ஏறும்போது அவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுப்பது நட்டம் என்று நினைத்தேன். விலை விழும்போது அவர்கள் எனக்குக் கூடின விலை தந்துகொண்டிருந்தார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

பனிக்காடு

ராகலை அண்ணா, இதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன் என்றார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அண்ணா, இப்போது அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வீர்கள்?

அப்புறம் காசு விடயம். சிலர் ஆறு மாதத்துக்கு மொத்தமாக வாங்கு, விதை, எரு எல்லாம் கடன் இல்லாமல் வாங்கலாம் என்கிறார்கள். ஆனால் எங்கள் நிலத்துக்கு உறுதி (காணிப் பத்திரம்) கிடையாது. தோட்டத்துக் காணி, நிர்வாகம் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை, நாளைக்குச் சொல்லமாட்டார்கள் என்று நிச்சயமில்லை.

லீக்ஸ் பாத்தி (ராகலை)

முதலில் உள்ளதைச் சொல்வேன். இவ்வளவு விலை கேட்கிறார்கள், எனக்குக் கடன் இருக்கிறது, உங்களுக்குச் சேர வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை விற்கிறேன் என்று எழுதுவேன். மறுக்கமாட்டார்கள். அவர்களுடைய பங்கில் மட்டும் கை வைக்கமாட்டேன்.

நாற்று விடயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கோவா, நோக்கோல் நாற்றை எங்கிருந்தும் வாங்கிவிடாதீர்கள். வேர் கட்டி கட்டியாக வீங்குகிற நோய் நாற்றோடும், மண்வெட்டியில் ஒட்டின மண்ணோடும் வரும், வந்தால் பல வருடம் நிலத்தை விட்டுப் போகாது. கோவா, நோக்கோல், கோலிபிளவர், முள்ளங்கி எல்லாம் ஒரே குடும்பம், எல்லாவற்றையும் பிடிக்கும். புளிப்பு மண்ணில்தான் அதற்குக் கொண்டாட்டம், நம் பக்கத்து மண் புளிப்பு. சொந்தமாக நாற்று போடுங்கள், புளிப்பைக் குறைக்க டொலமைட் சுண்ணாம்புத் தூள் போடுங்கள், கோவா போட்ட பாத்தியில் அடுத்து கரட், அப்புறம் லீக்ஸ், அப்புறம் போஞ்சி என்று சுற்றிவிடுங்கள். எவ்வளவு டொலமைட் என்று மண்ணைப் பார்க்காமல் சொல்ல முடியாது, விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசி எண்ணுக்கு எடுத்துக் கேளுங்கள், தமிழிலும் பேசுவார்கள்.

ஹட்டன் வாசகன்

நிலத்தைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். உறுதி இல்லாத நிலத்தில் ஆறு மாதக் காசை முன்னால் வாங்காதீர்கள் தங்கச்சி. இந்த முறையில் பருவம் முழுவதற்கும் முன்பணம் கொடுப்பதுதான் வழக்கம், ஜப்பானில் 1970களில் குடும்பங்கள் விவசாயிகளோடு சேர்ந்து தெய்கெய் என்ற பெயரில் நடத்தியதும், 1986இல் அமெரிக்காவில் தொடங்கியதும் அந்த எண்ணத்தில்தான், விளைச்சலையும் நட்டத்தையும் சேர்ந்தே தாங்குவது. ஆனால் அங்கே நிலம் யாருடையது என்று ஒரு தாள் இருந்தது. நம் ஆட்கள் இருநூறு வருடத்துக்குக் கிட்ட இந்த மலையில் இருந்தும் பலருக்கு அந்தத் தாள் இல்லை. நாலு வாரக் காசு மட்டும் வாங்குங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தாலும் கொடுக்கக்கூடிய தொகை. நிலத்தின் நிலையையும் அந்த 20 வீட்டுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், மறைக்க அதில் ஒன்றும் இல்லை, வெட்கப்படவும் ஒன்றும் இல்லை.

இயற்கை விவசாயம் என்று பெட்டியில் எழுதாதீர்கள், சான்றிதழ் இல்லாமல் அது பொய்யாகிவிடும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தி, நவம்பரில் கைவிட்டார்களே, அந்த ஆறு மாதத்தில் தோட்டங்கள் பட்ட பாட்டை அப்பாவிடம் கேளுங்கள். மண் ஒரே பருவத்தில் மாறாது. என்ன உரம் போட்டீர்கள், என்ன மருந்து, கடைசியாக அடித்தது எந்தத் தேதி, பறித்தது எந்தத் தேதி, இதைத் துண்டுத் தாளில் எழுதுங்கள். மருந்து போத்தலில் எத்தனை நாள் விட வேண்டும் என்று போட்டிருக்கும், அதற்கு ஒரு நாள் கூடுதலாகவே விடுங்கள்.

வெலிமட வயல்

ஹட்டன் அண்ணா சொன்னது அத்தனையும் சரி. நானும் நாலு வாரக் காசுதான் வாங்குகிறேன், என் வயலுக்கு உறுதி இருந்தும்.

எனக்கு மூன்று நாளாக மனதில் ஓடுகிற வேறொரு விடயம். கந்தப்பளையும் வெலிமடையும் கிட்டக் கிட்ட இருந்தாலும் மழை ஒன்றல்ல. மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவ மழையில் நுவரெலியாப் பக்கம் நனைந்துகொண்டே இருக்கும், சலாது அழுகும், கிழங்கு இலை கருகும். அந்த நாட்களில் எங்கள் பக்கம் காற்றும் வெயிலும், வயலில் நெல் வெட்டியபிறகு மரக்கறி போடுகிற காலம், போஞ்சியும் தக்காளியும் கறிமிளகாயும் நிறைய வரும். ஒக்டோபர் தொடக்கம் எங்களுக்கு மழை, வயல் நெல்லுக்குப் போய்விடும், எனக்கு மரக்கறி குறையும். ஜனவரி, பெப்ரவரியில் உங்களுக்குத் துகள்பனி (உறைபனி) விழும், விடியுமுன் எழுந்து தண்ணீர் தெளித்தால் தப்பும், தெளிக்காவிட்டால் வெயில் பட்டதும் இலை வெந்துபோகும், ஆனால் மண்ணுக்குள் இருக்கிற கரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. எனக்கு இல்லாதபோது உங்களிடம் இருக்கும், உங்களுக்கு அழுகும்போது என்னிடம் இருக்கும். இரண்டு தோட்டமும் சேர்ந்து கொடுத்தால் 46 வீட்டுக்கும் வருடம் முழுக்கப் பெட்டி நிறையும். ஏ5 வீதியில் என் பெட்டிகள் நுவரெலியா வழியாகத்தான் கண்டிக்குப் போகின்றன.

டித்வா புயலைப் பற்றியும் எழுத வேண்டும். 2025 நவம்பர் கடைசி. வயலின் மேல் பக்கத்து மண் அப்படியே இறங்கி எட்டுப் பாத்தியை மூடியது. எங்களுக்கு உயிர்ச்சேதம் இல்லை, பக்கத்து ஊர்களில் நடந்ததைப் பார்த்தபிறகு பாத்தியைப் பற்றிப் பேசவே வாய் வரவில்லை. பாதை இல்லை, மின்சாரம் இல்லை, போன் இல்லை. ஐந்து வாரம் ஒரு பெட்டியும் அனுப்பவில்லை. காசு வாங்கியிருந்தேன். போன் வேலை செய்த அன்று முதலில் எழுதியது, எல்லாருடைய காசையும் திருப்பித் தருகிறேன், கொஞ்சம் தவணை தாருங்கள் என்று.

கட்டுகஸ்தோட்டை அம்மா

அந்தச் செய்தி வந்தவர்களில் நானும் ஒருத்தி, தம்பி. இங்கே எழுதுவது நீங்கள்தான் என்று இப்போதுதான் புரிகிறது, எட்டுப் பாத்தி என்றவுடன்.

எங்கள் பக்கமும் வெள்ளம், மண்சரிவு, யாரும் நல்ல நிலையில் இல்லை. இருந்தாலும் குழுவில் ஒருவர்கூடக் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. அதற்குக் காரணம் அந்தத் துண்டுத் தாள்கள்தான் என்று நினைக்கிறேன். மேல் பக்கத்துப் பாத்தி, வாய்க்கால் ஓரப் பாத்தி, எல்லாம் எங்களுக்கு வாசித்தே பழக்கம். அது மண்ணுக்குள் போனது என்றவுடன், எங்களுக்குத் தெரிந்த ஒரு இடம் போனது மாதிரி இருந்தது. முதல் பெட்டி திரும்ப வந்தபோது அதில் முள்ளங்கியும் ஒரு கட்டுக் கீரையும் மட்டும்தான். முள்ளங்கி இலையையும் வறையாக்கினேன்.

கந்தப்பளைத் தங்கச்சி, என் வீட்டு வாசல் பெரியது. உங்கள் பெட்டிகளையும் இங்கேயே இறக்கலாம். வெறும் கூடைகளை மாலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், ஆளுக்கு இரண்டு கூடை வைத்துக்கொண்டால் மாறி மாறி ஓடும்.

பனிக்காடு

இரண்டு வாரமாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். வேலை நடந்துகொண்டிருந்தது.

20 வேண்டாம், 12 வீடு என்று முடிவெடுத்தோம். மிச்ச நிலத்தில் அப்பா பழையபடி லீக்ஸ் போடுவார், லொறிக்கு. அவர் மனதும் நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா. நாட்காட்டித் தாளைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். முதலில் அப்பா அதைப் பார்க்கவே இல்லை. போன ஞாயிறு காலை எழுந்து பார்த்தால், நான் போஞ்சி என்று எழுதியிருந்த இடத்தில் பென்சிலால் வெட்டி, பக்கத்தில் "மழை, வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். ஜூன் மூன்றாம் வாரம். முப்பது வருட மழையும் அவர் தலைக்குள் இருக்கிறது, நான் கேட்காமல் விட்டிருக்கிறேன். அன்றைக்கு முழுக்க இரண்டு பேரும் அந்தத் தாளோடுதான் உட்கார்ந்திருந்தோம். அந்த வாரத்துக்கான போஞ்சியை வெலிமட அண்ணாதான் தர வேண்டும். 12 கிலோ, முடியுமா அண்ணா? பதிலுக்கு ஜனவரியில் கரட் தருகிறேன்.

அந்த 12 வீட்டுக்கும் நிலத்துக்கு உறுதி இல்லை என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டு அரை மணி நேரம் போனைத் தொடவில்லை. 11 பேர் சரி என்றார்கள், ஒருவர் விலகிவிட்டார், அவர் இடத்துக்கு சித்தி வேறொருவரைப் பிடித்தார்.

முள்ளங்கியும் சலாதும் முளைத்துவிட்டன. காட்டுப்பன்றி ஒரு இரவு வந்து கிழக்குப் பக்கப் பாத்தியை உழுதுவிட்டுப் போனது, பழைய தகரம் கட்டியிருக்கிறோம்.

வெலிமட வயல்

12 கிலோ தருகிறேன். நோட்டில் எழுதிவிட்டேன், நீங்களும் எழுதுங்கள். தகரம் மட்டும் போதாது, அடியில் ஒரு சாண் ஆழத்துக்குப் புதைத்துக் கட்டுங்கள், பன்றி மூக்கால் கிளப்பிவிட்டு உள்ளே வரும். முதல் பெட்டி எந்த வியாழன்?

பனிக்காடு

முள்ளங்கிக்கு இன்னும் 33 நாள். அதற்கு அடுத்த வியாழன். கட்டுகஸ்தோட்டை அம்மா, பஸ் உங்கள் பக்கம் எத்தனை மணிக்கு வரும்? 12 கூடை, வீட்டுப் பெயர் எழுதின அட்டை கட்டியிருக்கும்.